விஜயதசமி காலையில் சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இழுத்தது மகளின் மூச்சுக்காகத்தான். இல்லையென்றால் அந்தத் தொல்லையை நானாகத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

எனக்கு வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில். வேலை சிங்கப்பூரில், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்த பிறகு அதே பாலத்தைத் தாண்டித் திரும்ப வேண்டும். சாமான் ஏற்றி இறக்குவதில் அவ்வளவு களைப்பு இல்லை. போய் வருவதில்தான் உடம்பு தீர்ந்துபோகிறது. மகள் டிப்ளோமா முடித்து அங்கேயே ஓர் ஆபீசில் சேர்ந்தபோது அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அப்பாவும் மகளும் ஒன்றாகப் போய் வருகிறார்கள் என்று என் மனைவிக்குப் பெருமை. உண்மையில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. தூக்கம் போதாத இரண்டு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு என்ன பேசுவது?

சோதனைச் சாவடிக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் வரிசையில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் முன்னால் விழும் இடைவெளியில் வேறொருவன் நுழைந்துவிடுவான். மேலே கூரை. மழை நாளில் பக்கவாட்டிலும் காற்று வராது. புகை அப்படியே தேங்கி நிற்கும். எனக்கு அது பழகிப்போய், புகை இல்லாத இடத்தில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். மகளுக்குப் பழகவில்லை. முதலில் இருமல். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஒரு நாள் வரிசையின் நடுவில் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கி, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரமாகத் தள்ள வழியில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மகளையும் பிடிக்க முடியவில்லை, வண்டியையும் விட முடியவில்லை.

கிளினிக்கில் டாக்டர், புகையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் இன்னும் மோசம். கடைசியில் வேலையை விட்டாள்.

அடுத்த வேலையை அவளே கண்டுபிடித்தாள். அதுவும் சிங்கப்பூர்க் கம்பெனிதான், கப்பல் சரக்கு அனுப்புகிறவர்கள். ஆனால் வேலை வீட்டில். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டுத் தங்கள் சரக்கு எங்கே என்று கேட்பார்கள். இவள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பாலத்தைத் தாண்ட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் வயர் போட்ட இன்டர்நெட் இருக்க வேண்டும். கைப்பேசி லைன் செல்லாது. அந்த வயர் லைனில்தான் முதலில் அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு லைன் போட்டுருவோமாப்பா?" என்று அவள் கேட்ட விதத்தில், நான் வேண்டாம் என்று சொன்னால் மறுபடி பின் சீட்டில் ஏறிவிடுவாள் என்று தெரிந்தது. சரி என்றேன்.

சரி என்று சொல்வது சுலபம். எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. ஆறாம் வகுப்பு வரை காஹாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கவுண்டருக்குப் போனாலும் எனக்குப் பின்னால் இருப்பவரை முன்னால் விட்டுவிடுவேன். இதற்காகப் பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜெண்டிடம் போய் நின்றேன். அந்தப் பெண் எங்கள் தெருவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அலமாக், போர்ட் இல்ல அங்கிள். உங்க தெருவுல எல்லாம் நெறஞ்சிருச்சு லா."

தெரு முனையில் ஒரு பெட்டி இருக்கிறதாம். அதில் வீட்டுக்கு ஒரு துளை. துளைகள் எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யாராவது லைனை வெட்டினால்தான் எங்களுக்கு இடம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போது ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்ப்பேன், யாராவது வீடு மாறுகிறார்களா என்று. ஒரு சாயங்காலம் கோடி வீட்டுக்கு முன்னால் லாரி நின்றது. மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, குடும்பத்தோடு அவர் மனைவியின் ஊருக்கே திரும்புகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. மெத்தையைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்து போனது. அந்த நிறைவோடு போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

அந்த வீட்டுத் துளை எங்களுக்குக் கிடைத்து, லைன் வந்தது. மெல்லிய வெள்ளை வயரைக் கூரை வழியாக இழுத்து, பழைய டெலிபோன் வயர் வந்த ஓட்டை வழியாகவே கூடத்துக்குள் இறக்கினார்கள். அந்த ஓட்டை எங்கள் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் மோடமும் அங்கேயே, முருகன் படத்துக்குக் கீழே சுவரில் உட்கார்ந்தது. அங்கிருந்து நீல நிற கேபிள் ஒன்று நீளமாகப் பின் அறைக்குப் போய், நான் பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு காலுக்கு நடுவில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் சேர்ந்தது. விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. மகள் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஸ்பீடுப்பா" என்றாள். எனக்கு அது புரியாவிட்டாலும் தலையாட்டினேன்.

கம்பெனி சோதனைக்கு நாள் கொடுத்தது. காலண்டரைப் பார்த்த என் மனைவி கையைக் கூப்பிவிட்டாள். அது விஜயதசமி.

"நம்ம கேட்டாக் கூட இப்படி நாள் அமையுமா? சரஸ்வதியே பாத்துக் குடுத்த நாளு. மொத நாள் பூஜையில கம்ப்யூட்டர வெச்சி எடுத்து, மறுநாள் காலையில பொட்டு வெச்சிட்டு ஒக்கார வேண்டியதுதான்."

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை விடாமல் நடக்கும். என் மனைவி ஒரு வாரமாகத் துடைத்துக்கொண்டிருப்பாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இதில் மாற்றமே கிடையாது. மோட்டார் சைக்கிளும் அதில் சேர்த்தி என்பதால் வருஷா வருஷம் நான் விஜயதசமிக்கு லீவு போட்டுவிடுவேன்.

அந்த வருஷமும் அரிசிக் குக்கர், தையல் மெஷின், காய் நறுக்கும் கத்தி, என் ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ், மகளின் கீபோர்ட் எல்லாம் மேடைக்கு முன்னால் வரிசையாக வந்தன. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு முறை உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் அது எந்த இடத்தால் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் பொட்டு வைக்க வேண்டும். கத்தி என்றால் வெட்டுகிற வாயில். தையல் மெஷின் என்றால் ஊசி இறங்குகிற தண்டில். என் லைசன்ஸில் எங்கே என்று யோசித்து, படத்தில் என் நெற்றியிலேயே வைத்துவிட்டாள்.

மோடத்தைச் சுவரிலிருந்து எடுத்தபோது அவள் கொஞ்சம் குழம்பினாள்.

"இது எதால வேல செய்யிது?"

"அந்தச் சின்ன வயராலதான்மா" என்றாள் மகள், தலை நிமிராமல். அவள் அடுத்த நாளைக்கு உடுத்தவேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி வெள்ளை வயரைக் கழற்றினாள். அதன் நுனியில் ஒரு சின்ன வெள்ளை முனை நீட்டிக்கொண்டிருந்தது. மோதிர விரலால் அதில் சந்தனத்தைத் தொட்டு வைத்தாள். மேலே குங்குமம். நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். யாருக்கும் தப்பாகப் படவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, மேடைக்கு முன்னால் இருந்ததையெல்லாம் அசைத்து வைத்தாள். மோடத்தை அதன் இடத்தில் மாட்டி, வயரைத் துண்டால் லேசாகத் துடைத்துச் செருகினாள். மகள் குளித்துவிட்டு, தேய்த்த சட்டையோடு வந்து சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று மட்டும் சிவப்பாகக் கண் சிமிட்டியது.

"அப்பா, செவப்பு வருது."

அணைத்துப் போட்டோம். மறுபடியும் சிவப்பு. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டோம். மகள் உதவி எண்ணைக் கூப்பிட்டு மலாயில் பேசினாள். இன்று ஆள் அனுப்புகிறோம், மத்தியானம் ஆகும் என்றார்கள். சோதனை பத்து மணிக்கு. கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் உடனே வந்தது. வேறு நேரம் கிடையாது, வர முடியாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

என் மனைவி மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "சாமிகிட்டதான வெச்சேன். வேற எங்கயும் கொண்டுபோய் வெக்கலியே" என்று முருகனைப் பார்த்துச் சொன்னாள். கேட்கிற குரலில் இல்லை. சண்டை போடுகிற குரலில்.

மகள் அழவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள், "பரவால்லப்பா. பழைய ஆபீஸ்ல இன்னும் ஆள் தேடறாங்களாம். நல்ல மாஸ்க்கா வாங்கிப் போட்டுக்கறேன். ஒங்க கூடவே வந்துர்றேன்."

இதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனேன்.

எங்கள் இடது பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வோம். சிலோனிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் உண்டு. ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர்களின் பிள்ளைகள் வெடித்த வெடியில் மிரண்டு அந்த நாய் ஓடிப்போக, டீச்சர் தேடித் தேடி அடுத்த தாமானில், அதாவது அடுத்த குடியிருப்பில், பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவரும் என் மனைவியும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. நான் அதற்கு முன்னாலும் அவரிடம் பேசியதில்லை. வண்டியை எடுக்கும்போது எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்வேன்.

அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினேன். அடுக்கி முடிப்பதற்குள் நாய் குரைத்து, டீச்சரே வந்துவிட்டார்.

"என்ன விஷயம்?"

"டீச்சர், லைன்... மகளுக்கு டெஸ்டு. எங்க வீட்டு லைன் செவப்பா..."

அடுக்கியது அத்தனையும் கலைந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட மனுசி அனுப்பினவவோ?"

"இல்ல டீச்சர். நானே வந்தேன்."

"அதானே பார்த்தன். அவ அனுப்ப மாட்டா." கேட்டின் பூட்டைத் திறந்தார். "உள்ள வாங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

சொன்னேன். மகளின் மூச்சு, பாலம், வீட்டிலிருந்தே செய்யும் வேலை, பத்து மணி. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூச்சு இழுக்கிறது எனக்குத் தெரியும். சுவர் மெல்லிசு. பிள்ளை ராவில இருமுறது என்ர கட்டிலுக்குக் கேட்கும்." பிறகு பின் பக்கம் போகிறபடியே கேட்டார், "உங்களிட்ட நீளமான வயர் இருக்கோ? என்ர மோடம் பின்னறையில இருக்கு."

இருந்தது. கூடத்திலிருந்து பின் அறைக்குப் போன நீல கேபிளைச் சுவரிலிருந்து பிய்த்தேன். ஆணிகள் தெறித்து விழுந்தன. அதை டீச்சர் வீட்டுப் பின் அறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பின்கட்டுச் சுவருக்கு மேலாக எறிந்து, எங்கள் சமையலறை ஜன்னலில் பிடித்தேன். அதற்கு மேல் கேபிள் வரவில்லை. கம்ப்யூட்டர் இருந்த பின் அறை வரைக்கும் எட்டாது. ஆகவே கம்ப்யூட்டரையும் மேசையையும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். அடுப்பை ஒட்டி மேசை, சின்க்கை ஒட்டி நாற்காலி. மகள் கேபிளைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"வந்திருச்சு" என்றாள்.

டீச்சரும் பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. திரையில் மகளின் முகத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்தார். கேஸ் சிலிண்டர், தொங்கும் வாணலிகள், மிளகாய்த்தூள் டின்கள், காயப்போட்ட என் வேலைச் சட்டை.

"இதெல்லாம் தெரியப்படாது. கந்தோர் மாதிரி இருக்கோணும்." ஆபீஸைத்தான் கந்தோர் என்றார்.

போய் ஒரு திரைச்சீலை கொண்டுவந்தார். வெளிர் நீலம், நல்ல கனம். அதை மாட்டத்தான் இடம் இல்லை. துணி காயப்போடும் மூங்கிலில் போட்டால் நழுவியது. கடிகாரத்தில் நேரம் போய்க்கொண்டிருந்தது. அதுவரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்து, திரைச்சீலையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். டீச்சர் இன்னொரு முனையைப் பிடித்தார்.

"இன்னும் மேல தூக்குங்க டீச்சர். டின்னு தெரியிது."

"நீங்கள் கட்டை. நான் தூக்கினா உங்கட பக்கம் சரியுது."

"நான் முக்காலி மேல ஏறிக்கறேன்."

"விழுந்து துலைக்காதேங்கோ."

"ரெண்டு பேரும் பேசாம இருங்களேன்!" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் தலையை மட்டும் திருப்பி என்னிடம், "நீங்கள் போய் நாயைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல இருங்கோ. ஆள் இல்லாட்டி குலைக்கும்" என்றார்.

நான் நாய்க்குப் பயப்படுகிறவன். ஆனால் மறுத்துப் பேசுவதைவிட நாயைப் பிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசல் படியில் உட்கார்ந்தேன். பூஜைக்காகக் கழுவி எலுமிச்சம்பழம் கட்டிய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றது. நாய் என்னை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, என் காலில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்தது. கனமான தலை. எனக்குக் கால் மரத்துப்போனது. அசைத்தால் எழுந்து குரைத்துவிடுமோ என்று அப்படியே வைத்திருந்தேன்.

சமையலறையிலிருந்து ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. மெல்லிய முணுமுணுப்பு மட்டும். தெருவில் ரொட்டி விற்கிறவர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தார். நான் எழுந்திருக்க முடியாமல், உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என்னையும் நாயையும் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலையசைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

என் வயதில் களைப்பு என்பது தூங்கினால் போகிற விஷயம் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்றுதான் நினைத்தேன். இது நடக்காவிட்டால் இவளை மறுபடியும் அந்தப் புகைக்குள் நானேதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு காலையிலும் அவள் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்கும், நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்ட வேண்டும்.

முடிந்ததும் மகள்தான் வந்து கதவைத் திறந்தாள். மரத்துப்போன காலை நொண்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். உள்ளே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி முக்காலியில் இருந்தபடியே கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"கை விட்டே போச்சு. இந்தப் புள்ள பேசிக்கிட்டே இருக்கு, நிறுத்தவே மாட்டேங்குது."

"பேசத்தானே வேலைக்கு எடுக்கினம்" என்றார் டீச்சர்.

மனைவி சுண்டலும் தேநீரும் கொடுத்தாள். டீச்சர் சுண்டலில் உப்புக் குறைவு என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வர்ற தீபாவளிக்கு வெடி போட முதல் எனக்குச் சொல்லுங்கோ. நான் நாயைக் கூட்டிக்கொண்டு என்ர மகள் வீட்ட போறன்" என்றார்.

"இனிமே இங்க வெடியே கெடையாது டீச்சர்."

"பொய் சொல்லாதேங்கோ. உங்கட தம்பியவை விடுவினமோ?"

"விடமாட்டானுங்க" என்று மனைவி ஒத்துக்கொண்டாள்.

மத்தியானம் டெக்னீஷியன் வந்தார். என் வயதுதான் இருக்கும், மலாய்க்காரர். ஏணியை இறக்கி வைத்துவிட்டு முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பாரோ. மோடத்திலிருந்து வெள்ளை வயரைக் கழற்றி, நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது என்ன, வயருக்கு பவுடர் போட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

மகள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவை. சந்தனம், நேற்றுப் பூஜை என்று மெதுவாகச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பல்லி செத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறாராம், எறும்புக் கூடு பார்த்திருக்கிறாராம். சந்தனம் இதுதான் முதல் தடவையாம்.

பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை எடுத்து நுனியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். இந்த வயரில் மின்சாரம் போவதில்லை. உள்ளே முடியைவிட மெல்லிய கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாக வெளிச்சம் மட்டும்தான் வருகிறது. அந்த வெளிச்சம் வெளியே வரும் வாயைச் சந்தனம் அடைத்துவிட்டது. துண்டால் துடைத்தது இன்னும் நன்றாக அப்பிவிட்டது. அவ்வளவுதான். செருகினார். பச்சை வந்தது.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் ஏணியைத் தூக்கும்போதுதான் வாயைத் திறந்து, தனக்குத் தெரிந்த மலாயில், அப்படியானால் அடுத்த வருஷம் எங்கே பொட்டு வைப்பது என்று கேட்டாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேல் பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். காற்றுப் போகிற துளைகளை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அவர் போன பிறகு மனைவி, "நான்தான் கெடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மகள் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். "வயர்னு சொன்னதே நான்தானம்மா" என்றாள். நான் மறுநாள் தனியாக வேலைக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது பின் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதாக மகள் வாசித்துச் சொன்னாள். தேவைப்பட்டால் ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லலாம் என்று. "எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்பா எழுதுவாங்க" என்றாள்.

இப்போது நான் வீடு திரும்பும் நேரத்திலும் அவளுக்கு வேலை முடிந்திருப்பதில்லை. சரக்கு வராதவர்கள் சாயங்காலத்தில்தான் அதிகமாகக் கோபப்படுவார்களாம். உள்ளே போனால் கேட் சத்தம், பூட்ஸ் சத்தம், என் இருமல் எல்லாம் அவர்களுக்குக் கேட்கும். ஆகவே எஞ்சினைத் தெரு முனையிலேயே அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். மனைவி ஜன்னல் கம்பி வழியாகத் தேநீரை நீட்டுவாள். அவளும் பேசுவதில்லை.

பின் அறையிலிருந்து மகளின் குரல் கூடத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் வருகிறது. இங்கிலீஷில் பேசுகிறாள். வீட்டில் நாங்கள் கேட்டறியாத குரல் அது. யாரோ அந்தப் பக்கம் கத்துகிறார்கள் என்பது அவள் பேசாமல் இருக்கும் நேரத்திலிருந்து தெரியும். பிறகு இவள் நிதானமாக, இடையில் மூச்சு வாங்காமல், நீளமாக ஏதோ சொல்கிறாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரிவதில்லை. மூச்சு வாங்காமல் சொல்கிறாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேரில் வரச் சொன்னார்களா என்று ஒவ்வொரு சாயங்காலமும் கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. வரச் சொன்னால் அவளே சொல்வாள். அதுவரைக்கும் இந்தப் படியில் உட்கார்ந்திருக்க எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை.